சைவப் பாகு

எங்கள் ஆலையின் புதிய வடிகட்டி வேலை தொடங்கிய இரண்டாம் நாளே, பேச்சித்தாயின் கொப்பரையை இரண்டாவது முறையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

வாய்விட்டுச் சொல்லவில்லை, அதற்கு வாய் கிடையாது. இருநூறு லிட்டர் பாகு குழாய் வழியாக உள்ளே போனது. திரையில் சிவப்பாக ‘மறுப்பு’ என்று ஒரே ஒரு சொல் வந்தது. இருநூறு லிட்டரும் ரிஜெக்ட் லைனில் திரும்பி, மாட்டுத் தீவனத் தொட்டியில் போய் விழுந்தது. உங்கள் வீட்டு ஆர்.ஓ. மிஷினிலும் ஒரு குழாயில் நல்ல தண்ணீர், இன்னொரு குழாயில் கழிவுத் தண்ணீர் வரும். அது எல்லாத் தண்ணீரிலும் கொஞ்சம் கழிக்கும். எங்கள் மிஷின் ஆளைப் பார்த்துக் கழித்தது.

“ரெண்டாச்சு லேப்பு மேடம்,” என்றார் பேச்சித்தாய்.

நான் சுவரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. பாகுக் கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்ட அறிவிப்பு ஒன்று தொங்குகிறது. ‘மூன்று முறை மறுப்பு வந்தால் பாகுக் கூடத்தில் வேலை இல்லை. யாராக இருந்தாலும் இது பொருந்தும்.’ கீழே ‘க. கதிரேசன், உரிமையாளர்’ என்று பச்சை மையில் பெரிய கையெழுத்து. கையெழுத்தின் வால் மட்டும் அரைச் சாண் இருக்கும்.

பேச்சித்தாய் பதினோரு வருடம் இந்த ஆலையில் சாக்கு உதறியவர். வெல்லம் வரும் சாக்கை உதறினால் தூசியும் எறும்பும் கட்டெறும்பும் வரும். அதிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்புதான் கொப்பரைக்கு வந்தார். கீழத்தெருவிலிருந்து கரண்டி பிடிக்க வந்த முதல் ஆள் அவர். இன்னும் ஒரு மறுப்பு வந்தால் திரும்பவும் சாக்குக் கொட்டகைதான். அவருக்கு நாற்பத்தைந்து வயது, ஏற்கெனவே இருமல்.

“அண்ணாச்சி சொன்னா ‘ஏன்’னு கேட்டுச் சண்டை போடலாம். போட்டும் இருக்கேன். மிஷினு சொல்லிட்டா நான் யாருகிட்டப் போய்ச் சண்டை போட?” என்று கேட்டுவிட்டு, அவர் கரண்டியைக் கழுவப் போனார்.

என்னிடம் போட்டிருக்கலாம். ஏனென்றால் அந்த மிஷினுக்குப் பாடம் எழுதிக் கொடுத்தவள் நான்.

என் பெயர் உலகம்மை. கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவே, நாலுவழிச் சாலையை ஒட்டி இருக்கும் இந்தப் பாகு ஆலையில் நான் கெமிஸ்ட். நடந்தது இரண்டாயிரத்து அறுபத்து மூன்றில். அதற்குள் எங்கள் ஊர் லாரிகளில் டிரைவர் இல்லாமல் போய்விட்டது, பஸ்ஸில் கண்டக்டர் இல்லாமல் போய்விட்டது. ‘எந்தத் தெரு?’ என்ற கேள்வி மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

முதலாளி கதிரேசன் அண்ணாச்சிக்கு ஒரே ஒரு கனவு. சில நாடுகளில் சர்க்கரையை வெளுப்பாக்க எலும்புக் கரி போடுவார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு அவர் மூன்று நாள் காப்பியில் சர்க்கரை போடவில்லை. நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, எலும்பு இல்லாம, கெமிக்கல் இல்லாம, வெல்லத்தைத் தண்ணி கணக்கா வெள்ளையாக்க முடியுமா?” என்று கேட்டார். மெம்பரேன் வடிகட்டி என்று ஒன்று இருப்பதைச் சொன்னேன். அன்றைக்கே அவர் மனதில் ‘நூற்றுக்கு நூறு சைவப் பாகு’ என்று லேபிள் அச்சாகிவிட்டது. ஒரு பெரிய கோயிலின் மடைப்பள்ளிக்கு அந்தப் பாகு போக வேண்டும். அங்கே அது பிரசாதமாக வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்பார்.

மிஷினைப் பூட்ட வந்தவர் இளம்பரிதி என்ற கோயம்புத்தூர் இன்ஜினியர்.

“பழைய மெம்பரேன் எல்லாம் மாவு சலிக்கிற சல்லடையாட்டங்க. ஓட்டைக்கு மேல இருக்கறது நிக்கும், கீழ இருக்கறது போயிரும். இதுல ஒவ்வொரு ஓட்டையும் தானாத் தொறந்து தானா மூடிக்கும். எதை விடோணும், எதை நிறுத்தோணும்னு அதுக்கே தெரியும்.”

“எப்படித் தெரியும்?” என்றேன்.

“நாமதான் சொல்லிக் குடுக்கோணும். நெறம், பிசினு, மண்ணு இதெல்லாம் எடுக்கறதுக்குக் கம்பெனியிலயே கத்துக் குடுத்து அனுப்பிருக்காங்க. ஆனா ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு கைப்பக்குவம் இருக்குமில்லீங்களா? அதை நீங்க கத்துக் குடுக்கோணும். உங்க பாகுலயே நாப்பது கிண்ணம் எடுத்து வச்சு, இது நல்லது, இது கழிவுன்னு காட்டுங்க. அப்பறம் அது உங்க நாக்கைவிட நல்லாக் கண்டுபிடிச்சுரும்.”

“எது நல்லதுன்னு யாரு சொல்லணும்?”

“யாருக்கு அதிகாரமோ அவிக,” என்றார் அந்த நல்ல மனிதர். எங்கள் ஊரில் வந்து சொல்லக் கூடாத வாக்கியம் அது.

எங்களிடம் இரண்டு கொப்பரை. ஒன்றாம் கொப்பரை கோமதிநாயகத்துடையது. அண்ணாச்சியின் தங்கை மகன், இருபத்து நான்கு வயது, வேலை நேரத்தில் பாதியைத் தலை சீவுவதில் கழிப்பவன். இரண்டாம் கொப்பரை பேச்சித்தாயுடையது. பத்து நாள் இரண்டு கொப்பரையிலிருந்தும் தினம் இரண்டிரண்டு கிண்ணம் எடுத்து, நம்பர் ஒட்டி, ஆய்வக மேசையில் நாற்பதையும் வரிசையாக வைத்தேன். எது தெளிவு, எது கலங்கல் என்று என் கருவி சொன்னது தனியாக ஒரு தாளில் இருந்தது. அதன்படி பேச்சித்தாயின் பாகுதான் தெளிவு.

அண்ணாச்சி என் தாளை ஓரமாகத் தள்ளினார்.

“இது எந்தக் கொப்பரை?”

“ஒண்ணு அண்ணாச்சி.”

“சுத்தம்னு எழுது. இது?”

“ரெண்டு.”

“கழிவு.”

இப்படி நாற்பது தடவை. அவர் ஒரு கிண்ணத்தைக்கூட வாயில் வைக்கவில்லை. இருபத்தொன்றாவது கிண்ணத்தில் நான் பேனாவைக் கீழே வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு பேனாவை எடுத்து மீதிப் பத்தொன்பதையும் எழுதினேன். அந்த டம்ளர் தண்ணீரோடு என் வீரம் முடிந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால் மிஷின் இரண்டாம் கொப்பரையை மறுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எதைப் பார்த்து மறுத்தது என்பதுதான் ஆச்சரியம். கொப்பரை நம்பர் அதற்குத் தெரியாது. தெருவும் தெரியாது. பாகில் ஏதோ ஒரு வித்தியாசம் இருந்தால்தான் அது பிரிக்க முடியும். அண்ணாச்சிக்கோ தலைகால் புரியவில்லை.

“பாத்தியாம்மா! நான் சொன்னப்ப மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டேல்லா? மிஷினுக்கே தெரியுது. இது சயின்ஸு!”

அதோடு நிற்காமல் ஒரு திட்டமும் போட்டார். பதினோராம் நாள் மடைப்பள்ளிக் குழு ஆலையைப் பார்க்க வருகிறது. அதுவரை இரண்டாம் கொப்பரை ஓட வேண்டாம். குழு முன்னால் இரண்டு கொப்பரையும் ஓடட்டும், சுத்தம் எது, அசுத்தம் எது என்று மிஷின் பிரித்துக் காட்டட்டும். ஆக, பேச்சித்தாயின் மூன்றாவது மறுப்பு நல்ல உடை போட்ட பத்துப் பேர் முன்னால் நடக்க வேண்டும்.

மிஷினின் பக்கவாட்டில் சோதனைக்கென்று ஒரு சின்ன வாய் உண்டு. ஒரு கிண்ணம் ஊற்றினால் திரையில் பதில் வரும், ஆனால் கணக்கில் சேராது. பேச்சித்தாய் தினமும் ஒரு சட்டிப் பாகு காய்ச்சிக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் அதைத் திருட்டுத்தனமாக ஊற்றிப் பார்த்தோம்.

முதல் நாள் அவர் சோப்பை மாற்றிக்கொண்டு வந்தார். மறுப்பு. அடுத்த நாள் தலையில் எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல் வந்தார். மறுப்பு.

“கருவாடா இருக்குமோ மேடம்?”

“சாப்பிட்டீங்களா?”

“நேத்து ராத்திரி ஒரே ஒரு துண்டு. சாளக் கருவாடு. அதுகூட வாசத்துக்குத்தான்.”

கருவாட்டை விட்டார். மறுப்பு. கையுறை, முகமூடி, மேலே பிளாஸ்டிக் கோட்டு எல்லாம் போட்டு, கண் மட்டும் தெரிய நின்று காய்ச்சினார். அந்தப் பாகைக் கருவியில் பார்த்தேன். இந்த ஆலையில் அதைவிடச் சுத்தமான பாகு அதுவரை காய்ச்சப்படவில்லை. ஊற்றினோம். மறுப்பு.

பேச்சித்தாய் முகமூடியைக் கழற்றினார். “இனிமே என்னைத்தான் கழட்டி வச்சிட்டு வரணும்,” என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த நாலு நாளும் ஒன்றாம் கொப்பரைக்குப் பச்சை எழுத்தில் ‘ஏற்பு’ வந்துகொண்டே இருந்தது. அந்தக் கொப்பரை ஓடும் விதத்தைச் சொல்ல வேண்டும். கோமதிநாயகம் கிண்டுவான், காதில் பாட்டுக் கேட்பான். பதினொரு மணிக்கு அண்ணாச்சி “பேங்க்கு வரைக்கும் போயிட்டு வாரேன்” என்று காரில் கிளம்புவார். பன்னிரண்டு மணிக்கு ஜவ்வாது மணக்கத் திரும்புவார். நேராக ஒன்றாம் கொப்பரைக்கு வந்து, கரண்டியிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துக் கம்பிப் பதம் பார்ப்பார். கம்பி சரியாக வந்தால் விரலில் மிச்சம் இருப்பதைக் கொப்பரை விளிம்பிலேயே வழித்துவிடுவார். ஒரு முறையில் அவருக்குத் திருப்தி வராது, நாலைந்து முறை பார்ப்பார். பதம் பார்க்க என்னிடம் கருவி இருக்கிறது. கருவிக்கு என்ன தெரியும் என்பார். இரண்டாம் கொப்பரைப் பக்கம் மட்டும் வரமாட்டார். பத்தடி தள்ளி நின்று, “பேச்சி, என்ன பதம்?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஏழாம் நாள் கந்தசஷ்டி விரதம் தொடங்கியது.

அண்ணாச்சியிடம் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இந்த ஆறு நாள்தான். செருப்புப் போடமாட்டார், ஒரு வேளை பாலும் பழமும்தான், யாரையும் திட்டமாட்டார். பேங்க்குக்கும் போகமாட்டார். முருகன் விஷயத்தில் அவர் பொய் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பன்னிரண்டு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, ஈர வேட்டியோடு வந்து ஒன்றாம் கொப்பரையில் கம்பிப் பதம் பார்த்தார். முருகா என்று சொல்லிப் பாகை உள்ளே விட்டார்.

மறுப்பு.

அண்ணாச்சி திரையைத் துடைத்துப் பார்த்தார். எழுத்து மாறவில்லை. கோமதிநாயகம் காதில் இருந்ததை எடுத்துவிட்டான். மறுநாளும் அதே ஈர வேட்டி, அதே திருநீறு, அதே மறுப்பு.

“ஏலே கோமதி, உண்மையச் சொல்லு. முந்தாநாள் எங்க போன?”

“எங்கயும் போகல மாமா.”

“மிஷினு பொய் சொல்லாது!”

அவ்வளவுதான், பையன் உடைந்துவிட்டான். சிகரெட் பிடித்ததைச் சொன்னான். சாத்தூரில் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னான். போன தீபாவளிக்கு அண்ணாச்சியின் பர்ஸில் கை வைத்ததையும் சொன்னான். இதில் எதையும் யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பரிகாரமாக மொட்டை போட்டுக்கொண்டு வந்து சோதனை வாயில் ஒரு கிண்ணம் ஊற்றினான். மறுப்பு. பத்து வருடமாகச் சீவிச் சீவி வளர்த்த தலை போனதற்குத்தான் அவன் அதிகமாக அழுதான்.

அறிவிப்புப்படி இப்போது அவனுக்கும் இரண்டு. யாராக இருந்தாலும் பொருந்தும் என்று எழுதும்போது அண்ணாச்சி மருமகனை நினைத்து எழுதவில்லை. குழு வரும்வரை ஒன்றாம் கொப்பரையும் ஓட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் இளம்பரிதிக்குப் போன் செய்தேன்.

“சார், இது ஏன் மறுக்குதுன்னு காரணம் சொல்லுமா?”

“சொல்லுமுங்க மேடம். ரிப்போர்ட் எடுத்தா வந்துரும்.”

“இதை ஏன் முதல்லயே சொல்லல?”

“யாரும் கேக்கறதில்லீங்க,” என்றார். “ஏத்துக்குச்சா, மறுத்துச்சா, அது போதும்பாங்க. நூத்திப் பதினாலு ஆலைக்குப் பூட்டிக் குடுத்திருக்கறேன். ஏன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்.”

பத்து நிமிடத்தில் ரிப்போர்ட் வந்தது. ஒரே பக்கம். அதை நான் நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன்.

‘சுத்தம் எனக் காட்டப்பட்ட அனைத்திலும் உள்ள பொது அடையாளம்: மனித விரல் தோல், மிளகு, கறிவேப்பிலை எண்ணெய், வறுத்த கொழுப்பு, பறவைப் புரதம் - காடை. கழிவு எனக் காட்டப்பட்டவற்றில் இவை இல்லை. இந்த அடையாளமே ஆலையின் கைப்பக்குவமாகக் கொள்ளப்பட்டுள்ளது. வடிகட்டும்போது இது கழியாமல் பாதுகாக்கப்படும்.’

பேச்சித்தாயிடம் படித்துக் காட்டினேன். ‘காடை’ என்றதும் கையைத் தட்டினார்.

“மொளகும் கறிவேப்பிலையும் போட்டுக் காடையா? இந்த வட்டாரத்துல அது ஒரே எடம்தான். ரோடு பிரியுற விலக்குல இருக்க சுடலை கடை. வண்டிய எடுங்க மேடம்.”

சுடலையின் கடை எங்கள் ஆலையிலிருந்து மூன்று கிலோமீட்டர். பரோட்டா தட்ட மட்டும் அந்த வருடம் வரை மிஷின் வரவில்லை என்பதால் கடையில் மனிதர்கள் இருந்தார்கள். எங்கள் சட்டையில் ஆலையின் பெயரைப் பார்த்ததும் சுடலை கரண்டியை வைத்துவிட்டு வந்தார்.

“அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையா? ரெண்டு நாளாக் காணுமே. பதினோரு மணியானா ரெண்டு காடைய எடுத்து ஓரமா வச்சிருவேன். செவ்வாய், வெள்ளிகூடத் தவறாது.”

“இங்க உக்காந்தா சாப்பிடுவாக?” என்று பேச்சித்தாய் ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார்.

“சேச்சே, கார்லதான். கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு. கை கழுவக்கூட எறங்க மாட்டாக, குழாய் ரோட்டுப் பக்கம்லா இருக்கு, யாராவது பாத்துருவாகளே! தாள்ல தொடச்சிட்டு, ஜவ்வாதத் தேச்சிக்கிட்டுப் போயிருவாக.”

பேச்சித்தாய் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு உடம்பு முழுவதும். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்பின் தண்ணீர் இல்லை.

“நான் கருவாட்ட விட்டேன் தாயி. பூவ விட்டேன். எம்மேலதான் என்னமோ இருக்குன்னு ராத்திரி எந்திச்சு என் கையவே மோந்து பாத்தேன்.”

நாற்பது கிண்ணத்தையும் எழுதியது நான்தான் என்று சொன்னேன். எனக்குத் தெரியும் என்றார்.

திரும்பும் வழியில், பின்சீட்டிலிருந்து கேட்டார். “மேடம், இதுல ஒரு சொட்டு என் கொப்பரையில விழுந்தா எனக்குப் பச்சை வருமா?”

அவர் மடியில் ஒரு காடைப் பொட்டலம் சூடாக இருந்தது.

“வரும்,” என்றேன்.

ஆலை வாசலில் இறங்கிய பிறகு சொன்னார். “சாமிக்குப் போற பாகு. அவரு போட்டிருக்கலாம், நான் போடமாட்டேன்.”

“அப்ப இதை என்ன செய்யப் போறீங்க?”

“இது அண்ணாச்சிக்குச் சேர வேண்டியதுல்லா? நாளு வரட்டும்,” என்று பொட்டலத்தை என் ஆய்வக ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார். ஃபிரிட்ஜில் அது மூன்று நாள் இருந்தது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி அதன்மேல் தேதி எழுதி ஒட்டினேன்.

பதினோராம் நாள், மடைப்பள்ளிக் குழு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ரிப்போர்ட்டை அண்ணாச்சியின் மேசையில் வைத்தேன். பேச்சித்தாய் அதன்மேல் பொட்டலத்தை வைத்தார். பறந்துவிடக் கூடாதே என்று.

அண்ணாச்சி படித்தார். ‘காடை’யில் நின்றார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது, கீழே முகத்தில் வேறு ஒன்றும் இல்லை.

“இதைக் கிழிச்சிரும்மா.”

“கிழிக்கலாம் அண்ணாச்சி. மிஷின் இன்னொண்ணு அடிக்கும்.”

“இது எப்படி... நான் தொடச்சிட்டுத்தானே...” என்று ஆரம்பித்து, யார் முன்னால் பேசுகிறோம் என்பது நினைவு வந்து நிறுத்தினார்.

நான் உள்ளதைச் சொன்னேன். இன்றைக்கு ஓட்டினால் இரண்டு கொப்பரையும் மறுப்புதான். குழு முன்னால் பச்சை வர வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருக்கிறது, அந்த வழி பொட்டலத்தில் இருக்கிறது. அதைச் சாப்பிட்டு, தாளில் துடைத்து, அதே விரலால் கம்பிப் பதம் பார்த்தால், மிஷின் நூற்றுக்கு நூறு சுத்தம் என்று சொல்லும். குழுவுக்குத் தெரியாது. லேபிளும் அப்படியே ஒட்டலாம்.

அண்ணாச்சி பொட்டலத்தைப் பார்த்தார். ஐந்து நாள் பட்டினி இருந்த மனிதர். வாசனை வேறு. நான் சூடு பண்ணித்தான் கொண்டுவந்திருந்தேன், அது என் சிறு பங்களிப்பு. அவர் கை பொட்டலம் வரை போய்த் திரும்பியது. சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்தார், படத்தில் முருகன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஏ பேச்சி,” என்றார் கடைசியில். “நீ இதை உன் கொப்பரையில ஒரு சொட்டு விட்டிருந்தா உனக்குப் பச்சை வந்திருக்கும்லா?”

“வந்திருக்கும் அண்ணாச்சி.”

“ஏன் விடல?”

“எனக்கும் அவன்தான அண்ணாச்சி முருகன்,” என்றார் பேச்சித்தாய்.

அண்ணாச்சி மனம் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவருக்கு வந்தது பயம். சஷ்டியில் சாமிப் பாகில் காடையை விட்டவன் என்று மேலே எழுதிவிடுவார்களே என்ற பயம். நான் வாழ்க்கையில் பார்த்த நல்ல காரியங்களில் பாதி இப்படிப்பட்ட பயத்தில் நடந்தவை, அதனால் நான் குறை சொல்லவில்லை. எழுந்து வெளியே வந்து, குழு வரும் நாளென்று கோயம்புத்தூரிலிருந்து வந்து மிஷின் பக்கத்தில் நின்ற இளம்பரிதியிடம், “தம்பி, அந்த நாப்பது கிண்ணத்தையும் இதை மறக்கச் சொல்லு,” என்றார்.

“மறுபடி கத்துக் குடுக்கோணுமேங்க. யாரு சொல்லுவாங்க?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “இந்தம்மாவோட தாளு சொல்லும்.”

குழுவின் தலைவி ஓய்வுபெற்ற உணவியல் பேராசிரியை. மிஷின் தயாராக இல்லை, இப்போதுதான் படிக்க உட்காருகிறது என்று அண்ணாச்சி கைகூப்பிச் சொன்னபோது கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தோம். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பத்து வருடத்தில் ஓர் ஆலை முதலாளி தயாராக இல்லை என்று சொல்லி அவர் கேட்டதே இல்லையாம். சஷ்டிக்கு முன் எடுத்து வைத்திருந்த நாற்பது கிண்ணத்தின் மீதியை நம்பர் மட்டும் தெரிய மேசையில் வைத்தேன். யார் காய்ச்சியது என்று யாரும் கேட்கவில்லை. நான் கருவி சொன்னபடி வாசித்தேன், இந்தத் தடவை தண்ணீர் குடிக்க நிறுத்தவில்லை.

மதியம் இரண்டு கொப்பரையும் ஓடின. பேச்சித்தாய் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சையில் ‘ஏற்பு’ வந்தபோது, அவர் கரண்டியைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தார். மறு குழாயிலிருந்து தண்ணீர் மாதிரி பாகு இறங்கியது. பேராசிரியை ஒரு ஸ்பூன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “யார் காய்ச்சியது?” என்று கேட்டார். அண்ணாச்சிதான் பதில் சொன்னார். குரல் கொஞ்சம் கம்மியாக இருந்தாலும் பெயரைச் சரியாகச் சொன்னார்.

அடுத்து மொட்டைத் தலையோடு கோமதிநாயகத்தின் கொப்பரை. அண்ணாச்சி அன்று விரல் வைக்கவில்லை. அதுவும் ஏற்பு. கிடங்கில் சேர்த்து வைத்திருந்த பழைய ‘சுத்த’ப் பாகு முழுவதையும் தீவனத் தொட்டியில் கொட்டினோம். மாடுகள் பரம சைவம். விஷயத்தை அவற்றிடம் யாரும் சொல்லவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு நாள் விரதம் முடிந்தால் ஏழாம் நாள் பேங்க் திறக்கும்.

அண்ணாச்சி பதினொன்றுக்குப் போனார், பன்னிரண்டுக்கு ஜவ்வாதோடு வந்தார். பழக்கம் விடுமா, நேராக ஒன்றாம் கொப்பரைக்குப் போய்க் கம்பிப் பதம் இழுத்தார். மிஷின் மறுத்தது. இப்போதெல்லாம் அது காரணத்தையும் சேர்த்தே காட்டுகிறது, நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். ‘விரல். காடை.’ கோமதிநாயகம் அதைச் சத்தமாகப் படித்தான். மறுநாளும் அதேதான். பதிவேட்டில் ‘மறுப்புக்குக் காரணமானவர்’ என்ற கட்டத்தில் நான் இரண்டு நாளும் ஒரே பெயரை எழுதினேன். இந்தத் தடவை பேனாவைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்குக் கார் வந்து நின்றது. ஜவ்வாது வாசனை முன்னால் வர, அண்ணாச்சி பின்னால் வந்தார். பாகுக் கூடத்து வாசலில் பேச்சித்தாய் ஒரு புதுச் சோப்புக் கட்டியை வைத்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டாச்சு அண்ணாச்சி,” என்றார்.

அண்ணாச்சி அவரைப் பார்த்தார். பிறகு சுவரில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தன் பச்சைக் கையெழுத்தைப் பார்த்தார். அதற்கு மேலிருந்த வரியை உதடு அசையப் படித்தார். பிறகு பேச்சித்தாயின் கையிலிருந்து சோப்பை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.